நினைவில் நின்றதும் பக்கத்தில் இருந்ததும்

சென்ற ஆண்டு ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். தொகுப்பின் பெயரையோ கவிஞரின் பெயரையோ இங்கே மறுபடியும் இழுக்க விரும்பவில்லை. அவருக்கு ஏற்கனவே நேர்ந்தது போதும். தொகுப்பில் தந்தையின் மரணம் பற்றி ஒரு கவிதை உண்டு. அதைப் பற்றி நான் எழுதியது இரண்டே வாக்கியங்கள்: இறந்தவரின் செருப்பு வாசலில் காத்துக்கிடக்கும் படிமம் நம் புதுக்கவிதையில் தேய்ந்துபோய்விட்டது, இவரும் அதே செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு நடக்கிறார். எழுதும்போது இந்தக் கிண்டல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நண்பர்கள் இரண்டு பேர் போனில் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

இதழ் வந்து பத்து நாள் இருக்கும். மத்தியான நேரம், கவுண்டரில் கூட்டம். என் செல்பேசிக்கு ஒரு படம் வந்தது. அந்தக் கவிதை அச்சாகியிருந்த பக்கம். கூட ஒரு சொல்லும் இல்லை. சாயங்காலம் பஸ்ஸில் அதைப் பெரிதாக்கிப் படித்தேன். கவிதையில் செருப்பு வாசலில் காத்திருக்கவில்லை. மயானத்திலிருந்து திரும்பிய மகன் அதைத் தேடுகிறான், காணோம், கூட்டத்தில் யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவனுக்குக் கோபம் வரவில்லை, ஆறுதல் வருகிறது. பிறகு அந்த ஆறுதலைப் பார்த்துப் பயம் வருகிறது. கவிதை அங்கேயே நின்றுவிடுகிறது. தேய்ந்த படிமம் என்று நான் எதைப் பழித்தேனோ அதைக் கவிஞர் தம் கவிதையிலிருந்து வெளியேற்றியிருந்தார். அதைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் வைத்தவன் நான்தான்.

நான் பொய் எழுதவில்லை. மதிப்புரை எழுதிய இரவில் புத்தகம் ஒரு நண்பரிடம் இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது என்ற தைரியத்தில் எழுதினேன். அந்தச் செருப்பை நான் பார்த்தேன்: படிக்கு இடப்பக்கம், ஒரு வார் பிய்ந்து, குதிகால் பதிந்த குழியோடு. இப்போதும் தெரிகிறது. இல்லாத ஒரு பொருள் எப்படி இத்தனை துல்லியமாகத் தெரிகிறது என்ற கேள்விதான் என்னை அறிதல் உளவியல் புத்தகங்களின் பக்கம் தள்ளிற்று. ஆங்கில இலக்கியம் படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இந்தத் துறையில் அதிகாரம் ஏதும் கிடையாது. என் குற்றத்தை விளங்கிக்கொள்ளும் அளவுக்குப் படித்தேன், அவ்வளவுதான்.

அதே மாதம் கோவையில் ஒரு கூட்டம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் புதுக்கவிதைக்காரர்களைப் பார்த்துச் சொன்னார்: ‘மனசுல நிக்கோணுமுங்க. நிக்கிலீன்னா அது கவிதையில்லீங்க.’ கைதட்டல். நானும் தட்டினேன். மரபின் பக்கம் நிற்பவர்களும் நவீனர்களும் ஒருசேரக் கைதட்டக்கூடிய வாக்கியங்கள் தமிழில் குறைவு. இது அவற்றுள் ஒன்று. ‘படித்துப் பல நாளாகியும் என்னை விட்டகலாத வரிகள்’ என்று சிற்றிதழ் மதிப்புரைகளிலும் எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம்.

இந்த அளவுகோலுக்கு அடியில் நினைவைப் பற்றிய ஒரு சித்திரம் இருக்கிறது. மனம் ஒரு குதிர், கொட்டியது கிடக்கும், எலி தின்றது போக மிச்சத்தை வேண்டும்போது அள்ளிக்கொள்ளலாம். உளவியலாளர்களும் ஒரு காலத்தில் ஏறத்தாழ இப்படித்தான் நினைத்தார்கள். ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் அர்த்தமற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் புத்தகம் போட்டார். அர்த்தம் குறுக்கே வந்தால் கணக்குக் கெட்டுவிடும் என்று அதை முதலிலேயே நீக்கிவிட்டார். நெல்லின் ருசியைப் பற்றிக் கேட்காமல் மரக்காலை மட்டும் எண்ணுகிற வேலை.

கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் பார்ட்லெட் நேர்மாறாகச் செய்தார். அவருடைய ‘நினைவுகூர்தல்’ என்ற புத்தகம் 1932இல் வந்தது. வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைத் தம் மாணவர்களிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, சில நிமிடம், சில நாள், சிலரிடம் பல ஆண்டுகள் கழித்தும் திரும்ப எழுதச் சொன்னார். சீல் வேட்டைக்கு ஆற்றங்கரை போன இரு இளைஞர்களில் ஒருவன் படகில் வந்தவர்களோடு சண்டைக்குப் போகிறான். அவன் அடிபட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள், அவனுக்கு வலி இல்லை. இவர்கள் ஆவிகள் என்று நினைத்துக்கொள்கிறான். ஊர் திரும்பிக் கதை சொல்லி முடிக்கிறான், சூரியன் உதிக்கும்போது அவன் வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வெளிப்படுகிறது, செத்துப்போகிறான். மாணவர்கள் திரும்ப எழுதியபோது சீல் வேட்டை மீன்பிடிப்பாகிவிட்டது. மரத்தோணி சாதாரணப் படகாயிற்று. ஆவிகள் பல தாள்களில் காணாமலே போயின. வாயில் வந்த கறுப்பு சிலருக்கு நுரை, சிலருக்குப் பிரியும் உயிர். கதை சின்னதாயிற்று, ஒழுங்காயிற்று, இங்கிலாந்துக்காரருக்கு விளங்கும் கதையாயிற்று.

அவர்களும் பொய் எழுதவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது. மனம் நடந்ததை எடுத்துக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் கட்டிக் கொடுக்கிறது. கட்டுவதற்கு அதனிடம் ஏற்கனவே சட்டகங்கள் உண்டு. பார்ட்லெட் இவற்றை ‘ஸ்கீமா’ என்றார், அந்தச் சொல்லில் அவருக்கே முழுத் திருப்தி இல்லாவிட்டாலும். மூலத்தில் சட்டகத்துக்குப் பொருந்துவது தங்கும். பொருந்தாதது உதிரும், அல்லது பொருந்துமாறு உருமாறும். காலியிடங்களைச் சட்டகமே தன் கைச்சரக்கால் நிரப்பிவிடும். பிய்ந்த வார் என் கைச்சரக்கு.

இதைப் படித்தபோது எனக்கு வேறொரு கேம்பிரிட்ஜ்காரர் ஞாபகம் வந்தார். பி.ஏ.யில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸை நோட்ஸில் படித்துப் பாஸ் செய்தவர்களில் நானும் ஒருவன். கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதிய அபிப்பிராயங்களைத் திரட்டி 1929இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் வாசகன் இடறும் பத்து இடங்களைச் சொல்கிறார். கவிதையோடு சம்பந்தமில்லாத சொந்த நினைவுகள் குறுக்கிடுவது ஒன்று. கவிதை தொடங்கும் முன்பே வாசகனிடம் தயாராகக் கிடக்கும் உணர்ச்சிகள் பொத்தானை அமுக்கியதுபோல் வெளிவருவது இன்னொன்று. பார்ட்லெட் கதையை வைத்துக் கண்டதை ரிச்சர்ட்ஸ் கவிதையை வைத்துக் கண்டார், அதே ஊரில், ஏறக்குறைய அதே ஆண்டுகளில். நம் விமர்சனம் ரிச்சர்ட்ஸிடமிருந்து ‘உருவம்’ போன்ற சொற்களை வாங்கிக்கொண்டது. தன் வாசிப்பைச் சந்தேகிக்கும் பழக்கத்தை வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. 1959இல் ‘எழுத்து’ தொடங்கியபோது சி.சு. செல்லப்பா அலசல் என்று வற்புறுத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. பிரதி மேஜைமேல் திறந்து கிடக்கவேண்டும் என்பதுதான் அலசலின் முதல் நிபந்தனை. அலசல் வறண்டது என்று அலுத்துக்கொண்டு நாம் ஒதுக்கியபோது அந்த நிபந்தனையும் சேர்ந்து போயிற்று.

நினைவு என்பது வெறும் பிழைகளின் மூட்டை என்று சொல்லிவிட முடியாது. என் அப்புச்சி மாட்டுத் தரகர். காங்கேயத்துக்குப் பக்கத்தில் கண்ணபுரத்தில் மாரியம்மன் கோயில் திருவிழாவையொட்டி ஆண்டுதோறும் கூடும் மாட்டுச் சந்தைக்குச் சின்னப் பையனாக இருந்தபோது அவரோடு போயிருக்கிறேன். துண்டுக்குள் கையை விட்டு விரலால் விலை பேசுவார். ராத்திரி வீடு திரும்பியபின் அன்று கைமாறிய உருப்படிகளை ஒவ்வொன்றாகச் சொல்வார்: மயிலையா, செவலையா, காரியா, எத்தனை பல், சுழி எங்கே, யார் கொடுத்தது, யார் பிடித்தது, துண்டுக்குள் முதலில் கேட்டது எவ்வளவு, முடிந்தது எவ்வளவு. மூன்று வருஷத்துக்கு முந்திய சந்தையையும் அப்படியே சொல்வார். ஆனால் பேரன் எத்தனாவது படிக்கிறான் என்பது மட்டும் அவருக்கு நினைவில் நின்றதே இல்லை. ‘ஏன் அப்புச்சி, மாடு மட்டும் எப்படி ஞாபகம் இருக்குது?’ என்று கேட்டேன். ‘அதென்றா கேள்வி, மாட்டப் பாத்தனில்ல’ என்றார்.

இது அவர் பெருமைக்குச் சொன்னதல்ல. பார்ட்லெட்டின் அதே புத்தகத்தில் ஆப்பிரிக்காவின் ஸ்வாஸிலாந்தில், இன்றைய எஸ்வாத்தினியில், ஒரு மாடு மேய்ப்பவர் வருகிறார். ஓராண்டுக்கு முன் நடந்த மாட்டு வியாபாரங்களை நிறம், அடையாளம், விலை சகிதம் மிகச் சொற்பமான பிழையோடு ஒப்பிக்கிறார். அதை அபூர்வ நினைவாற்றலாகப் பார்ட்லெட் கருதவில்லை. அந்த மக்களின் வாழ்க்கை எதைச் சுற்றி நிற்கிறதோ அது தங்குகிறது என்றார். 1973இல் சேஸ், சைமன் என்ற இருவர் சதுரங்க நிபுணர்களை வைத்துச் சோதித்தார்கள். நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் ஒன்றின் பலகையை ஐந்து விநாடி காட்டினால் நிபுணர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார். புதிய ஆட்டக்காரரால் முடிவதில்லை. காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் நிபுணரின் மேன்மை அநேகமாக மறைந்துவிடுகிறது. அதாவது நிபுணருக்குப் பெரிய குதிர் கிடையாது. அவர் பார்க்கும்போதே வேறுவிதமாகப் பார்க்கிறார். ‘மாட்டப் பாத்தனில்ல.’

அப்படியானால் என் தப்பு நினைக்கும்போது நேர்ந்ததா, பார்க்கும்போதே நேர்ந்துவிட்டதா? நம் பழைய வித்தை ஒன்று இங்கே உதவுகிறது. ஒரே நேரத்தில் பலர் கொடுக்கும் கேள்வி, கணக்கு, ஈற்றடி, முதுகில் விழும் கல், ஒலிக்கும் மணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கடைசியில் வரிசை தப்பாமல் சொல்வதை அவதானம் என்கிறோம். கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு அவதானம் செய்து சதாவதானி ஆனார். இதை நாம் நினைவாற்றலின் சாதனையாகவே பேசுகிறோம். ஆனால் அவதானம் என்ற சொல்லுக்குப் பொருள் கவனம். இலங்கைத் தமிழர் இன்றும் உற்றுப்பார்ப்பதை அவதானித்தல் என்றுதான் சொல்கிறார்கள். வித்தைக்குப் பெயர் வைத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கவனம் போகாத இடத்தில் நினைவுக்கு வேலை இல்லை. செர்ரி என்பவர் 1953இல் இரண்டு காதிலும் இரண்டு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒரு காதில் கேட்பதை உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் ஆணின் குரல் பெண்ணின் குரலானது தெரிந்தது. ஆங்கிலம் ஜெர்மனானது தெரியவில்லை. கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இதில் அதிசயமில்லை. நூறு ரூபாய்க் கட்டைக் கை எண்ணும்போது எதிரே நிற்பவர் தம் மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வார். ‘சரீங்க, சரீங்க’ என்போம். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டால் குரல் மட்டும் ஞாபகம் இருக்கும்.

அந்தத் தொகுப்பை நான் படித்தது பல்லடத்திலிருந்து கோவை வரும் பஸ்ஸில், மதிப்புரைக்குக் கெடு நெருங்கிவிட்ட நிலையில். ஒரு காது கவிதையிலும் மறு காது நான் எழுதப்போகும் வாக்கியத்திலும் இருந்தது. எது எந்தக் காது என்பது தெளிவு. இந்தத் துறைக்கே பெயர் நிலைக்கக் காரணமான புத்தகத்தை 1967இல் எழுதிய நைஸர், பிற்பாடு 1976இல் எழுதிய இன்னொன்றில், காண்பது என்பதே எதிர்பார்ப்பு வழிநடத்துகிற செயல் என்கிறார். கண் எதிர்பார்ப்பதைத் தேடிப் போகிறது. கிடைத்ததைக் கொண்டு எதிர்பார்ப்பு திருத்தப்படவேண்டும். எனக்கு முன்பாதி நடந்தது. ‘அப்பா’, ‘செருப்பு’ என்ற இரண்டு சொற்கள் கண்ணில் பட்டதும் மிச்சக் கவிதையை நானே எழுதி முடித்திருக்கிறேன்.

யாப்பைப் பற்றிப் பேசாமல் அந்தத் தமிழாசிரியருக்குப் பதில் சொல்ல முடியாது. 1956இல் மில்லர் ஒரு கட்டுரை எழுதினார்: மனம் ஒரே வீச்சில் ஏந்திக்கொள்வது ஏழு, இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். ஆனால் ஏழு எவை? எழுத்தா, சொல்லா, வாக்கியமா? சேர்த்துக் கட்டத் தெரிந்தால் ஒவ்வொரு கட்டும் ஒன்றாகவே எண்ணப்படும். ஆறு இலக்க ஓ.டி.பி.யை உடனே அடித்துவிடுகிற வாடிக்கையாளர், தம் நீண்ட கணக்கு எண்ணை மும்மூன்றாகவோ நந்நான்காகவோ உடைத்துத்தான் எனக்குச் சொல்கிறார். வெண்பாவின் பதினைந்து சீரை எதுகையும் மோனையும் தளையும் சேர்த்து நாலு கட்டாக்கிவிடுகின்றன. (கவன் என்பவர் 2001இல் அந்த ஏழையும் குறைத்து, கட்டுகள் நாலுதான் என்றார். வெண்பாவுக்கும் நாலு அடி என்று யாராவது இதை வைத்துத் தமிழனின் விஞ்ஞானப் பெருமையைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: தற்செயல்.) ஆக, யாப்பு நினைவுக்கு ஊன்றுகோல் என்பது உண்மை. ஊன்றுகோல் நன்றாக இருக்கிறது என்பதால் நடப்பவன் நல்லவன் ஆகிவிடமாட்டான். சினிமாப் பாட்டும் சோப்பு விளம்பரமும் நிற்கின்றன. வாய்ப்பாடு நிற்கிறது.

மனப்பாடத்தைப் பற்றிய என் இன்னொரு மூடநம்பிக்கை உடைந்த கதையையும் சொல்லவேண்டும். உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவர்களை வெகுநாள் நான் மனப்பாட யந்திரங்கள் என்றே நினைத்திருந்தேன். கனடா நாட்டு மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இந்தக் கதையைப் பாடக்கேட்டு நாடாவில் பதிவுசெய்தார். 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் அதை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அந்தத் தொகுதிகளைப் பார்த்த பிறகு எங்கள் பக்கத்துப் பாடகர் ஒருவரைப் பின்தொடர்ந்து, இரண்டு வருஷம் ஒரே கட்டத்தைச் செல்பேசியில் பதிவுசெய்தேன். கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வேட்டையாடும் கட்டம். முதல் வருஷம் பொன்னாச்சி என்ற குட்டி நாயின் மனக்குறையைப் பாட அரைமணி எடுத்துக்கொண்டார். மறுவருஷம் நாலே அடியில் கடந்து வேட்டைக்குப் போய்விட்டார். கேட்டதற்கு, ‘ஒரு சொல்லு மாறாதுங்க தம்பி, எங்கய்யன் பாடுன மாதிரியேதானுங்க’ என்றார். மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியாவில் பதிவுசெய்த பாடகர்களும் ஒரு சொல்லும் மாற்றவில்லை என்றே சாதித்தார்கள். பதிவுகள் வேறாக இருந்தன. லார்டின் புத்தகம் 1960இல் வந்தது. அந்த வழியைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்த கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வந்தது.

பாடகர் பொய் சொல்லவில்லை. அவரிடம் இருப்பது சொற்களின் பட்டியல் அல்ல, கதையின் எலும்பும் அடிகளை வார்க்கும் அச்சும்தான். ஒவ்வொரு ராத்திரியும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து அதற்குச் சதை வைக்கிறார். அந்தக் கதை வாழ்வதே அப்படி மாறி மாறித்தான். மாற்ற அவருக்கு உரிமை உண்டு. எனக்கு இல்லை. ஒருவர் அச்சில் நிறுத்திவிட்ட சொற்களைப் பற்றி எழுதுகிறவன் பாடகரின் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர்.

நம்மிடையே இதற்குப் பெரிய முன்னுதாரணம் டி.கே.சி. கம்பனை அவரைப்போல் அனுபவித்து மற்றவரையும் அனுபவிக்கச் செய்தவர் அரிது. ஆனால் தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று அவர் தள்ளினார். ஒவ்வாத இடங்களில் சொற்களையும் மாற்றினார். அவர் செவி சாதாரணச் செவி அல்ல. அதனால்தான் ஆபத்தும் பெரிது. தன் சட்டகத்துக்கு உட்படாததைக் கம்பன் பாடியிருக்கமாட்டான் என்று எந்த நிச்சயத்தோடு சொன்னாரோ, அதே நிச்சயத்தோடுதான் நான் வாசலில் செருப்பைப் பார்த்தேன். ரசனை முதிர முதிரச் சட்டகம் உறுதிப்படும். உறுதிப்பட்ட சட்டகம் புதியதை முதல் பார்வையிலேயே பழையதாக்கிவிடும். நிறையப் படித்தவனுக்குத்தான் இந்த விபத்து அதிகம் நேரும் என்று நினைக்கிறேன்.

ஆகவே ‘மனதில் நிற்பது’ என்ற அளவுகோலை நான் திருப்பி வைத்துப் பார்க்கிறேன். என் மனதில் தங்கியதில் கவிதையின் பங்கைவிட என் பங்கே அதிகம் இருக்கலாம். உதிர்ந்துபோனது எதுவோ, புத்தகத்தைத் திறந்தால் ‘இது இங்கே இருந்ததா’ என்று திடுக்கிட வைப்பது எதுவோ, அதில் கவிஞர் இருக்கக்கூடும். மறந்துபோவதெல்லாம் கவிதை என்று இதற்குப் பொருள் இல்லை. அப்படியானால் எங்கள் தலைமையகச் சுற்றறிக்கைகளுக்குச் சமமான காவியம் கிடையாது.

மனம் அப்படித்தான், நான் என்ன செய்யட்டும் என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. பார்ட்லெட்டின் சோதனை தளர்வானது என்று பிறகு வந்தவர்கள் குறை சொன்னார்கள். 1967இல் கால்ட், ஸ்டீவன்ஸன் இருவரும், மூலத்தில் இருந்ததை மட்டும் எழுது, சொந்தமாக எதையும் சேர்க்காதே என்று கண்டிப்பாகச் சொல்லி அதே கதையைக் கொடுத்தபோது பிழைகள் கணிசமாகக் குறைந்தன. 1999இல் பெர்க்மன், ரோடிகர் இருவரும் மறுபடி செய்து பார்த்து, காலம் போகப் போகக் கதை உருமாறுவது உண்மைதான் என்று உறுதிசெய்தார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். மனம் கட்டுகிறது, ஆனால் எது தெரியும், எது ஊகம் என்று பிரித்துப்பார் என்று அதட்டினால் ஓரளவு பிரிக்கவும் செய்கிறது. அன்று இரவு என்னை அதட்ட ஆள் இல்லை. புத்தகத்தை வாங்கி வைத்திருந்த நண்பரின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

அந்தப் படத்துக்கு நான் அனுப்பிய பதிலுக்குக் கவிஞரிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. இந்தக் கட்டுரையை மதிப்புரையின் திருத்தமாகவே வெளியிடும்படி ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை சரிபார்த்தேன். செருப்பை யாரோ மாட்டிக்கொண்டு போனதாக மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? முதல் படியில் அந்த இடத்தில் ‘பந்தல் போட வந்த ஆள்’ என்று எழுதியிருந்தேன். கவிதையில் பந்தலே இல்லை.